பார்த்துவிட்டுப் போனவர்கள்

தங்கை வீட்டு முன்னறைச் சுவர் வெளிர்பச்சை. ஜன்னல் திரைச்சீலையில் சிறிய மஞ்சள் பூக்கள். பிள்ளை வரைந்த படங்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருப்பாள். புனேயில் இருந்த அந்த வீட்டுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. வாசல் எந்தத் திசை பார்த்தது என்று இன்றும் தெரியாது. வாசலை யாரும் படம் எடுக்கவில்லை.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த மராத்திக்காரரைத் திருமணம் செய்துகொண்டு அவருடைய ஊருக்கே போய்விட்டாள். செய்தி வந்த அன்று அப்பா சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நான் இருக்கிறவரைக்கும் அவகூடப் பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது. அங்கன யாரும் போகவும் கூடாது. சரின்னு சொல்லு."

சரி என்றேன். சொன்னால் சொன்னதுதான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் பிரிவில் எனக்கு வேலை. எது போனது, எது போகவில்லை என்று தினமும் துல்லியமாகப் பார்க்கிறவனுக்கு, வீட்டில் கொடுத்த வாக்கையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். பேச்சு, எழுத்து, போக்குவரத்து. அப்பா தடுத்தவை இந்த மூன்றும்தான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரௌசிங் சென்டர் திறந்திருந்தார்கள். எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர்தான் செல்போன் வந்து தொழில் படுத்ததும், அதே மரத்தடுப்புகளுக்குள் கம்ப்யூட்டர்களை வைத்திருந்தார். கம்பெனி ஆர்டர் வேலையாக மின்னஞ்சல் பார்க்கப் போனபோது, ஊர் உலகமெல்லாம் சேர்ந்திருந்த ஒரு நட்புத் தளத்தை அவர்தான் காட்டினார். பெயரைப் போட்டால் ஆள் கிடைக்கும் என்றார். தங்கையின் பெயரைப் போட்டேன். கிடைத்தாள். கணவர் பெயர் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அப்பாவின் இனிஷியலோடுதான் இருந்தாள்.

படங்களைப் பார்க்க நானும் ஒரு கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. பட்டாசுத் தொழிலில் அரசாங்கப் படிவங்கள் நிறைய. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் அங்கே கேட்டிருந்த எல்லாவற்றையும் நிரப்பினேன். தகப்பனார் பெயர், வீட்டு இலக்கம், தெரு, கம்பெனி, தொலைபேசி எண், பிறந்த தேதி. சென்டர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, ரேஷன் கார்டுல உள்ளதெல்லாம் எழுதி வச்சிருக்கீக?"

"கேட்டிருந்தாக. எழுதுனேன்."

"நல்லவேளை, பீரோச் சாவி எங்கன இருக்குன்னு கேக்கல."

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் அங்கே போவேன். அவளுடைய பிள்ளை தவழ்ந்ததும், சுவரைப் பிடித்து நின்றதும், தகப்பனாரின் செருப்பைப் போட்டுக்கொண்டு சிரித்ததும் அந்த மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து பார்த்தவைதான். பார்ப்பது பேச்சில் சேராது. வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும்.

"சனிக்கிழமையானா தலையச் சீவிக்கிட்டுக் கிளம்பிருதீக. பொட்டியில உங்கள யாரு பாக்கப்போறா?" என்பாள். திரும்பி வந்ததும் அடுப்படியில் இருந்து தணிந்த குரலில் கேட்பாள்: "எம்புட்டு உசரம் இருக்கா?"

நான் இடுப்புக்குக் கீழே கையை வைத்துக் காட்டுவேன். குத்துமதிப்புதான். பக்கத்தில் நிற்பவரின் உயரம் தெரியாமல் படத்தில் பிள்ளையின் உயரத்தைச் சொல்ல முடியாது.

என்னை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் சென்டர்க்காரர் திரையில் என்னுடைய பக்கத்தைத் திறந்து ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அண்மையில் பார்த்துவிட்டுப் போனவர்களின் பெயர்கள் அங்கே வருமாம். நாம் யாரைப் பார்த்தாலும் நம் பெயர் அவர்களுக்கும் அப்படியே தெரியுமாம். அங்கே ஒரே பெயர் இருந்தது. தங்கையின் பெயர்.

இத்தனை மாதமும் ஜன்னல் வழியாகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு வாசல் மணியை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வேண்டாம்னா நிறுத்திரலாம் அண்ணாச்சி. ஆனா நிறுத்துனா அவுக வந்து போறதும் உங்களுக்குத் தெரியாது," என்றார்.

நிறுத்த வேண்டாம் என்றேன்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் ஒரு வெடிவிபத்து நடந்தது. சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் முதலில் மொட்டை மாடிக்குத்தான் ஓடுவோம். புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்த்துவிட்டால், யாருடைய வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். அன்று புகை கிழக்கே, சாத்தூர்ப் பக்கம். தொலைக்காட்சியில் சிவகாசி என்றுதான் ஓடியது. செய்திக்காரர்களுக்கு இந்த வட்டாரம் முழுக்கச் சிவகாசிதான். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்க, செல்போன்களில் லைன் கிடைக்கவில்லை. இறந்தவர்களில் நமக்குத் தெரிந்தவர் இல்லை என்று அறிந்து நிம்மதி அடைவதும், அந்த நிம்மதிக்குக் கூசுவதும் எங்களுக்குப் பழகிப்போனவை.

வேலை முடிந்ததும் சென்டருக்குப் போனேன்.

"இன்னிக்குச் சனிக்கிழமை இல்லையே," என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளி அமர்ந்துகொண்டார்.

அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. நான் வந்தது அங்கே பதிவாகட்டும் என்று மூடிவிட்டு என் பக்கத்துக்குத் திரும்பினேன். வந்து போனவர்களில் அவள் பெயர் புதிதாக இருந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி அவள் பக்கத்துக்குப் போய்விட்டு வந்தேன். அண்ணன் பிழைத்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வீட்டில் அப்பா தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தார். "வெளியூர்ல இருந்து யார் யாரெல்லாம் விசாரிச்சாக?" என்றார். மதுரையில் சித்தப்பா, கோவில்பட்டியில் மாமா, திருப்பூரில் மைத்துனன் என்று சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி" என்று சத்தத்தைக் கூட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் நாளிதழ்களில் எழுதத் தொடங்கியிருந்தார்கள். இணையத்தில் குடும்பப் படங்களைப் போடாதீர்கள், முன்பின் தெரியாதவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்துகிறார்கள் என்று. கவனமாகப் படித்தேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போகும் முதல் நாள் படம் வந்திருந்தது. சீருடையில் பள்ளியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் நின்ற வேனின் எண்ணையும் வாசிக்க முடிந்தது. நண்பர்கள் பட்டியலில் இல்லாத எனக்கு இவ்வளவும் தெரிகிறது என்றால், யாருக்கு வேண்டுமானாலும் தெரியும். கம்ப்யூட்டர் படித்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் திறந்து வைத்திருக்கிறாள். யாருக்காக என்று யோசித்தபோது அதற்குமேல் படத்தைப் பார்க்க முடியவில்லை.

பூட்டச் சொல்ல வேண்டும். பூட்டினால் எனக்கும் தெரியாது. அது பிறகு. முதலில் சொல்வது எப்படி?

"நான் எழுதிப் போடுதேன் அண்ணாச்சி. நீங்க எழுதுனதா ஆகாதுல்லா?" என்றார் சென்டர்க்காரர்.

"கைதான் ஒங்க கை. எழுத்து என்னோடதுதான்."

"ஒங்கள வச்சுக்கிட்டு வக்கீல் கூடத் தொழில் பண்ண முடியாது."

கடைசியில் என்னுடைய பக்கத்தை எடுத்துக்கொண்டேன். தொலைபேசி எண்ணை அழித்தேன். தெரு, வீட்டு இலக்கம், கம்பெனி, பிறந்த தேதி என்று எல்லாவற்றையும் அழித்தேன். பூட்டக்கூடியவை எவையோ அவற்றைச் சென்டர்க்காரரிடம் கேட்டுப் பூட்டினேன். பெயர் மட்டும் மிஞ்சியது. ஒரு கட்டத்தையும் காலியாக விடாத ஆள் எல்லாவற்றையும் காலியாக வைத்தால் என்ன அர்த்தம் என்று என்னோடு வளர்ந்தவளுக்குப் புரியும். அதன் பிறகு அவள் பக்கத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

மறு சனிக்கிழமை அவள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமை அவளுடைய படங்கள் எல்லாம் மறைந்திருந்தன. நண்பர்களுக்கு மட்டும் என்று ஒரு வரி இருந்தது. பச்சைச் சுவர், திரைச்சீலை, பிள்ளை எல்லாமே அந்த வரிக்குப் பின்னால் போய்விட்டன.

வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்றேன்.

"நீங்க நெனச்சதத்தானே செஞ்சிருக்கா. பெறகு எதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீக?" என்றாள் மனைவி. தட்டை எடுத்து வைத்துவிட்டு அவளும் சாப்பிடாமல் இருந்தாள்.

அவளுடைய பக்கத்தில் நட்பில் சேரக் கேட்கும் பொத்தான் இருந்தது. ஒரு அழுத்தல்தான். அதை அழுத்தினால் நான் அவளிடம் ஒன்றைக் கேட்டதாக ஆகும். அப்பா வீட்டில் இருந்தார், நன்றாக இருந்தார். அவர் நெடுநாள் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் இருக்கிறவரைக்கும்தான் இந்த வாக்கு என்பதையும் நினைத்தேன். பொத்தானை அழுத்தவில்லை.

சனிக்கிழமைகளில் போவதை விடவும் இல்லை. அவளுடைய பெயரும், பெயருக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும் ஒரு சிறிய படமும் மட்டும் மிச்சம். முன்பு அதில் அவள் முகம் இருந்தது. பூட்டிய சில வாரங்களில் அது மாறியது. ஒருமுறை எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, பின்னாலிருந்து எடுத்தது. இன்னொருமுறை கொலுசுக் கால்கள். பிறகு பென்சில் பிடித்த விரல்கள். முன்பின் தெரியாதவன் பார்த்தால் அவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் கடைகள் பாதி அடைத்திருந்தன. சென்டர்க்காரர் எனக்காகவே திறந்தார். படம் மாறியிருந்தது. கையை உடம்பிலிருந்து நன்றாகத் தள்ளி நீட்டி, கம்பி மத்தாப்பு பிடித்திருக்கிறாள் பிள்ளை. எரிந்த கம்பியைப் போட வாளியில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் கிடந்த பெட்டியின் லேபிளைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியுடையது இல்லை, சாத்தூர்ச் சரக்கு. பட்டுப் பாவாடை, வளையல் போட்ட மணிக்கட்டு, தோள் வரைக்கும் வெளிச்சம்.

தோளுக்கு மேலே ஏதாவது தெரியுமா என்று மவுஸை உருட்டிப் பக்கத்தைக் கீழே இறக்கிப் பார்த்தேன். படம் அவ்வளவுதான்.