எர்ரர் 22-உம் நாற்பத்திரண்டு பிள்ளைகளும்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனிடம் யாரும் நல்ல சேதியோடு வருவதில்லை. அதிலும் ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு சிஸ்டத்தையும் சேர்த்துக் குடிவைத்தவர்கள் வந்தால், முகத்தைப் பார்த்தே அப்டேட் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். "ரீஸ்டார்ட் செய்யவா?" என்று அது பவ்யமாகக் கேட்டதற்குச் சரி சொல்லிவிட்டு, அப்புறம் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்த அன்பர்களே, வாருங்கள், நம் கூட்டம் பெரிது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏழெட்டு வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில் கடை வைத்திருந்து நான் பார்த்தவை இவை.

கீழே மூன்று தட்டு

ஜெயந்திபாய் மிளகு வியாபாரி. வெளிநாடு போன மகன் தன் லேப்டாப்பை அப்பாவுக்கு விட்டுப் போயிருந்தான். அதை ஆன் செய்யும்போது எந்த சிஸ்டம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் நாலாவது வரி விண்டோஸ். அப்பாவுக்கு மகன் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: கீழ் அம்புக்குறியை மூன்று தட்டு, அப்புறம் எண்டர். ஒருநாள் லினக்ஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு பட்டியலின் தலையில் இரண்டு வரியைக் கூடுதலாகச் சொருகிவிட்டது. விண்டோஸ் ஆறாவது இடத்துக்கு இறங்கிப்போனது. கம்ப்யூட்டர் ஆள்மாறிவிட்டது என்று போன் வந்தது.

போய்ப் பார்த்தேன். மனிதர் திரையை ஏறிட்டே பார்க்கவில்லை. ஜன்னல் வழியே மூட்டை இறங்குவதைப் பார்த்தபடி விரல் கணக்கில் மூன்று தட்டினார், எண்டர் அடித்தார். மாதக்கணக்காக இப்படியேதான் ஓட்டியிருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. நான் அத்தனை வரியையும் தினமும் படித்தும் தப்பு செய்கிறவன். ஐந்து தட்டிக் காட்டினேன். காலண்டரில் பெரிதாக 5 என்று எழுதிவிட்டுச் சொன்னார்: "மூணு அஞ்சாச்சு, சரி. ஏழாகுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு அதுகிட்ட."

மூன்று வரி

களமசேரியில் இன்ஜினியரிங் படித்த பையன் ஒருவன், பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதிய விண்டோஸ் போட்டான். விண்டோஸுக்கு ஒரு குணம் உண்டு: வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. பட்டியல் காணாமல் போனது. அவனுடைய ப்ராஜெக்ட் முழுவதும் லினக்ஸில். இரண்டு கடைகளில் எல்லாவற்றையும் துடைத்து ஃபார்மேட் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

டிஸ்க்கின் ஆரம்பத்தில் துளியூண்டு இடம் இருக்கிறது, அன்பர்களே. மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட். இந்தப் பத்தியைக்கூட அதற்குள் அடக்க முடியாது. எந்த வீட்டுக்குள் போவது என்று அதுதான் வழிகாட்ட வேண்டும். அதன்மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டால், உள்ளே அத்தனையும் பத்திரமாக இருந்தும் போக வழி கிடையாது. ஒரு சிடியைப் போட்டு, மூன்று வரி தட்டினேன். பட்டியல் திரும்பி வந்தது. எத்தனை முறை செய்தாலும் அந்த நிமிஷம் எனக்குப் புல்லரிக்கும். பையன் என்னவோ எரிச்சலாகத்தான் கேட்டான்: "ரெண்டு நாளா சோறு இறங்காம நடந்தது இந்த மூணு வரிக்கா சேட்டா?"

பெயரில்லாத இடம்

இது நான் செய்த பாவம். செல்வி டீச்சர் நம் தமிழ்க் குடும்பம். அப்பா கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தார். சனிக்கிழமை காலை லேப்டாப்பைக் கொடுத்து, இடம் போதவில்லை என்று விண்டோஸ் அப்டேட் பாதியில் நிற்கிறது, சரிசெய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குப்பையைத் துடைத்து அப்டேட்டை ஓடவிட்டேன். அதோடு நின்றிருக்கலாம். டிஸ்க்கில் பெயரும் இல்லாமல், சி, டி மாதிரி எழுத்தும் இல்லாமல் பெரிய இடம் ஒன்று சும்மா கிடப்பதாக விண்டோஸ் காட்டியது. டீச்சருக்கு ஒரு டி டிரைவ் செய்துகொடுப்போமே என்று அதை அழித்தேன். ஃபார்மேட் பண்ணப் போகும் நேரத்தில் சாயா வந்தது. குடித்து முடிப்பதற்குள் அப்டேட் ரீஸ்டார்ட் கேட்க, சரி என்றேன். கறுப்புத் திரையில் 'எர்ரர் 22' என்று மட்டும் வந்து நின்றது. சிஸ்டம் பட்டியல் குடியிருந்த இடமே இல்லை என்று அதற்கு அர்த்தம்.

அப்போதுதான் உறைத்தது. லினக்ஸ் இருக்கும் இடம் விண்டோஸின் கண்ணுக்குக் காலி மனையாகத்தான் தெரியும். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பாடமே லினக்ஸில்தான். எந்த டீச்சரின் லேப்டாப்பிலும் அது இருக்கும் என்று தெரியாதவனா நான்? பட்டியல் காட்டாமல் நேரே விண்டோஸுக்குப் போகும்படி யாரோ வைத்திருந்தார்கள், நான் ஏமாந்தேன்.

மதியம் டீச்சர் வந்தார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிவிடும்படி கூட வேலை பார்த்த சிஜு காதைக் கடித்தான். பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் செய்தது அத்தனையும் அதில்தான் இருக்கிறது, லேப் கம்ப்யூட்டர்களைத் துடைத்தாகிவிட்டது, திங்கட்கிழமை ஒப்படைக்காவிட்டால் எல்லாருக்கும் பூஜ்யம் என்றார். நாற்பத்திரண்டு பிள்ளைகள். திட்டுவார் என்று தலை குனிந்து நின்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அழிச்சது நீங்கதானே சேட்டா? அப்போ தேடுறதும் நீங்கதான். நான் இங்கயே இருக்கேன்."

வருகைப் பதிவு

அழிப்பது என்றால் முகவரியைக் கிழிப்பதுதான். மேலே வேறெதுவும் எழுதாதவரை வீடு இடியாது. கிழிந்த முகவரியைத் தேடித் தரும் ஒரு புரோகிராம் சிடியில் இருந்தது. சாயா மட்டும் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் நான் ஃபார்மேட்டும் பண்ணி முடித்திருப்பேன், அதற்கும் வேலை இருந்திருக்காது. ஓடவிட்டேன். டிஸ்க்கை ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போனது. டீச்சர் பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். சிவப்புப் பேனா ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. எனக்கோ கடையில் இருந்த தண்ணீர் போதவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் ஒருமுறைகூட "ஆச்சா?" என்று கேட்கவில்லை. அப்படி ஒரு மனுஷியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எண்பது சதவீதத்தில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது: லினக்ஸ். உள்ளே திறந்தேன். பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு நிமிஷம் முன்புவரை உலகத்திலேயே இல்லாத இடத்திலிருந்து அஜ்மல் வந்தான், ஆன்சி வந்தாள், கார்த்திக் வந்தான். டீச்சர் எழுந்து வந்து, வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் குரலில் எல்லாப் பெயரையும் வாசித்தார். நான் கூடவே எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன், நாற்பத்தொன்றுதான். ஒரு பிள்ளையின் வருஷத்தை நான் விழுங்கிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "பதறாதீங்க சேட்டா. விஷ்ணு பரீட்சைக்கே வரல."

டிஸ்க்கில் இருப்பது அவ்வளவு லேசில் போய்விடுவதில்லை அன்பர்களே, அழித்தவனுக்குப் போன உயிர்தான் திரும்பி வர நேரமெடுக்கிறது.