ரிமோட் யார் கையில்

எனக்குப் பொறாமை அதிகம். அதை மறைக்கும் சாமர்த்தியம் குறைவு. தாராவியில் என் பட்டறைக்கு எதிரே இருப்பவர் புது மெஷின் இறக்கினால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் கூடவே குடித்தனம் நடத்தும் மனைவியைப் பார்த்து வயிறு எரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் ஒரு பொம்மை விமானத்துக்காக.

பொம்மை என்று நான் சொல்லலாம். அடுத்தவர் சொன்னால் கோபம் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிறகுகள், ஒவ்வொன்றும் ஏழடி நீளம். அந்தக் காலத்து விமானிகள் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, எதிர்க்காற்று முகத்தில் அறைய ஓட்டிய ரகம். அதைக் கால்வாசி அளவில் செய்தேன். மூக்கில் குட்டி பெட்ரோல் எஞ்சின், தரையில் நிற்பவன் கையில் ரிமோட்.

கடைப் பெயர்ப்பலகைகளுக்கு எழுத்து வெட்டிக் கொடுப்பது என் தொழில். வேலை ஓய்ந்த நேரங்களில் அதே லேசர் மெஷினில் பால்சா மரத்தகடுகளை வெட்டி, பையில் போட்டுத் திலக் நகருக்கு எடுத்துப் போவேன். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டுவேன். பால்சா அவ்வளவு லேசான மரம். பக்கத்தில் தும்மினால் தகடு இடம் மாறிவிடும். ஒட்டி முடித்த மேல் சிறகை வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். அது ஆடக்கூடாது என்பதால் படுக்கையறையில் ஃபேன் போடக்கூடாது என்று சட்டம் போட்டேன். மே மாதத்திலும் அந்தச் சட்டம் இருந்தது.

“ஏங்க, இது பறக்கதுக்குள்ள நான் வெந்துருவேன் போலயே,” என்றாள் மனைவி. சொன்னாளே தவிர, ஃபேன் போடவில்லை. வடாலாவில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் கன்னம் வீங்கியவர்களைச் சமாளித்துவிட்டு வருகிறவளுக்கு என் கிறுக்கு பெரிதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்று வருடம் ஆயிற்று. பன்வேலைத் தாண்டி ஒரு தரிசு நிலத்தில் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார், குஜராத்திக்காரர், முப்பது வருடமாக விமானம் விடுகிறவர். முதல் பறத்தலை நான் செய்து தருகிறேன் என்றார். நான் மறுத்துவிட்டேன். மூன்று வருடம் நான் சமைத்த சாப்பாட்டை இன்னொருவர் பரிமாறிப் பேர் வாங்கிக்கொண்டு போவதா?

விமானம் அழகாக எழும்பியது. நாற்பது விநாடி நான் ராஜா. பிறகு அதைத் திருப்பினேன். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் வலதும் நம் வலதும் ஒன்று. நம்மைப் பார்த்து வரும்போது மாறிவிடும். இது எனக்குத் தெரியும். பத்துப் பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். கைக்குத்தான் தெரியவில்லை. சாய்ந்ததை நிமிர்த்துவதாக நினைத்து மேலும் சாய்த்தேன். மூக்கு மண்ணில் குத்தியது. கீழ்ச் சிறகு இரண்டாகப் போயிற்று.

மூட்டை கட்டி எடுத்து வந்து மறுபடி ஆரம்பித்தேன். கூடவே, இந்தக் கையைத் திருத்த வேண்டும் என்று, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் புரோகிராம் ஒன்றைப் போட்டேன். ரிமோட்டை வயரில் மாட்டினால் திரையில் விமானம் பறக்கும். தினமும் அரை மணி நேரம் பழகினேன். தினமும் திரையில் விழுந்தேன்.

ஒருநாள் பட்டறையிலிருந்து வந்தபோது அடுக்களையில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் விமானம் அவளைப் பார்த்து வந்தது, திரும்பியது, ஓடுதளத்தில் பூப்போல உட்கார்ந்தது.

“சோறு வேகுத வரைக்கும் சும்மா பாத்தேன்,” என்றாள். “நல்ல டைம்பாஸ்.”

“எத்தனை நாளா?”

“பத்து நாள் இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. எப்படி இடம் வலம் குழம்பாமல் ஓட்டுகிறாய் என்று கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

“என்ன குழப்பம்? அது மூஞ்சியப் பாத்தாலே எந்தப் பக்கம் போவப் போவுதுன்னு தெரியுதுல்லா?”

எனக்குத் தெரியவில்லை. அதன் எலும்பு, நரம்பு, ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும். மூஞ்சி தெரியவில்லை. சிறகுக்கும் வாலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்றுகூட அறியாதவளுக்கு அது மூஞ்சி காட்டுகிறது. அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

பழுது பார்க்க ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் பன்வேல் பக்கத்துக் கிளப்பில் அவள் பேர் பரவிவிட்டது. ஒரு ஞாயிறு என்னோடு சும்மா வந்தவளிடம் குஜராத்திக்காரர் பழகு விமானம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அது தெர்மகோல் மாதிரியான சாமானில் செய்தது, விழுந்தாலும் பாதகமில்லை. அவள் விழவைக்கவில்லை. “பாபி கா ஹாத் தேகோ!”, அண்ணி கையைப் பாருங்கள் என்று அவர் எல்லோரையும் கூப்பிட்டு அவள் கையைக் காட்டினார். இருபது பேர் சுற்றி நின்று என் மனைவியின் கையைப் பார்த்தார்கள். என் கையில் அவளுடைய ஹேண்ட்பேக் இருந்தது.

சரிசெய்த விமானத்தை இந்த முறை பாபி ஓட்டட்டும் என்று அவர்தான் சொன்னார். நான் பல்லைக் காட்டிச் சிரித்து, “ஏன், தாராளமா” என்றேன். மறுபடி நானே உடைத்துவிடுவேனோ என்ற பயமும் உண்டு. பெருந்தன்மை என்று கிளப்பில் சிலர் என் தோளைத் தட்டினார்கள். எனக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் தட்டியிருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விமானத்தை எப்போதும் எதிர்க்காற்றில்தான் இறக்க வேண்டும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் அடங்காமல் ஓடிக் கவிழ்ந்துவிடும். ஓட்டுகிறவர் விமானத்தை விட்டுக் கண்ணெடுக்க முடியாது. அதனால் பின்னால் ஒருவர் நின்று, மூங்கில் கம்பில் கட்டிய சிவப்புக் கொடியைப் பார்த்துக் காற்றைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் காலையில் நிலத்திலிருந்து அடிக்கும் காற்று பதினொரு மணிவாக்கில் கடலிலிருந்து அடிக்க ஆரம்பிக்கும். அது திரும்பும் நேரம்தான் ஆபத்து. அன்று அவளுக்குப் பின்னால் நின்றவன் நான்.

அவள் எட்டு நிமிடம் ஓட்டினாள். என் விமானம் அவ்வளவு அழகாகப் பறக்கும் என்று எனக்கே தெரியாது. வெயிலில் சிறகுத் துணி பளபளத்தது, இரண்டு சிறகுக்கும் நடுவே கட்டிய கம்பிகள் விசிலடித்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. செய்தது நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

“இறக்கப் போறேன். காத்து எப்படி இருக்கு?” என்றாள்.

“சரியா இருக்கு,” என்றேன். அப்போது அது உண்மை.

அவள் தூரத்தில் திருப்பி, தாழ இறங்கத் தொடங்கினாள். கொடி துவண்டது. இரண்டு மூன்று விநாடி சும்மா தொங்கியது. பிறகு மெல்ல எழும்பி எதிர்ப்பக்கமாகப் பறந்தது. நான் பார்த்தேன். காற்று திரும்பிவிட்டது, இறக்காதே, சுற்றி வா என்று சொல்ல நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன். பக்கத்தில் குஜராத்திக்காரர், “க்யா பாத் ஹை!” என்று சொக்கிப்போய் நின்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

விமானம் வேகமாக வந்து தரையைத் தொட்டது, நிற்கவில்லை. ஓடுதளத்தைத் தாண்டி வரப்பில் மோதித் தலைகுப்புறக் கவிழ்ந்தது. கட்டிலுக்கு மேல் ஒரு வருடம் தொங்கிய மேல் சிறகு நொறுங்கியது. வால் முறிந்தது.

நானே செய்தது. நானே உடைத்தது. அவள் ஓடிப்போய் மண்ணில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டாள். “அவசரப்பட்டுட்டேங்க. என் தப்புதான். உங்க உழைப்பு பூரா போச்சே,” என்று அழுதாள். “டென்ஷன் எடுக்காத,” என்றேன். கிளப்பில் கேட்டவர்களிடம், “லேண்டிங் இன்னும் அவளுக்குப் படியல,” என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி வீடு வந்து சேரும்வரைகூடத் தாங்கவில்லை.

மூன்றாவது முறையாகக் கட்டினோம். இந்த முறை அவளும் உட்கார்ந்தாள். சிறகின் மேல் துணியைப் போர்த்தி இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். குனிந்து தேய்த்துக்கொண்டே, “இந்தத் தடவ ஒடைக்க மாட்டேன்” என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். ஒவ்வொரு தரமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பசை காயட்டும், துணி இறுகட்டும், பெயின்ட் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்கிடையிலும், என் கையால் போர்த்திய துணியில் சுருக்கம் விழுந்தது, அவள் போர்த்தியதில் ஒரு சுருக்கமும் இல்லை என்று கவனித்தேன். இந்தக் குணத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

கிளப்புக்குப் போன அன்று அவள் ரிமோட்டைத் தொடவில்லை. “நீங்க ஓட்டுங்க. நான் பின்னால நிக்கேன்,” என்றாள். இந்த ஒரு வருடத்தில் பழகு விமானத்தில் நான் ஓரளவு தேறியிருந்தேன். ஓட்டினேன். வித்தை ஒன்றும் காட்டவில்லை; வட்டமடித்தேன், அவ்வளவுதான். இறக்கத் திருப்பினேன். கண்ணை விமானத்தில் வைத்து, மூச்சைப் பிடித்து, தாழ்த்திக்கொண்டு வந்தேன்.

“காத்து திரும்புது!” என்றாள் முதுகுக்குப் பின்னால். “கடல் பக்கமிருந்து வருது. இறக்காதீய, மேல தூக்குங்க, சுத்தி அந்தப் பக்கமா வாங்க. நேரம் இருக்கு, பதறாதீய.”

தூக்கினேன். சுற்றி வந்தேன். அவள் சொல்லச் சொல்ல இறக்கினேன். விமானம் இரண்டு முறை துள்ளி நின்றது, முழுசாக. கைதட்டினார்கள். மூன்று முறை கட்டிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு அவமானமாக இருந்தது. அவளால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறது என்பதிலும் பொறாமை வந்தது.

விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்ற இருவரும் குனிந்தபோது அவள் சொன்னாள்: “அன்னைக்கும் இப்படித்தான் திரும்பிருக்கும் என்ன? யாருமே பாக்கல.”

“நான் பாத்தேன்,” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். “பாத்துட்டு?”

“சொல்லல.”

ஏன் என்று கேட்பாள் என்று நின்றேன். என் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம். பெட்ரோல் வழிந்து மண்ணில் சொட்டியது. மூடியை அவளே எடுத்துத் திருகினாள். பிறகு கையை நீட்டினாள்.

“ரிமோட்டைக் குடுங்க.”

கொடுத்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடுதளத்தைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: “பின்னால வந்து நில்லுங்க.”

குஜராத்திக்காரர் பக்கத்திலேயே இருந்தார். முப்பது வருட அனுபவக்காரர். அவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

அந்தப் பறத்தலில் விமானம் வானத்தில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கொடியை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அது துவண்டால் சொன்னேன், விறைத்தால் சொன்னேன், ஒரு சாண் இடப்பக்கம் ஒதுங்கினால் அதையும் சொன்னேன். தொண்டை கட்டிக்கொண்டது. ஏதோ வித்தை காட்டியிருப்பாள். எல்லோரும் கைதட்டினார்கள், எனக்குத் தட்டியதைவிடப் பலமாக. வயிறு எரிந்தது. “கடல் காத்துதான், நேரா இருக்கு,” என்றேன். “இறக்கு.”