குளத்தில் ஒளு

எங்கள் ஊர்க் குளத்தை மூடிக் கிடந்த ஆற்றுவாழைக் களையை எட்டுப் பேராக மூன்று மாதம் பிடுங்கினோம். கடைசி நாள் கரையில் ஒரு கொக்கும் இல்லை. பின்னேரம் அசர் பாங்கு கேட்டதும், தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் கழுவி ஒளு எடுக்க இறங்கினோம். எல்லாரும் கை கழுவினார்கள். வாய் கொப்பளிக்க மட்டும் மோட்டார் சைக்கிளில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலை எடுத்தார்கள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “காலையில ‘குளம் சுத்தம்’ எண்டு பலகை நட்டுப்போட்டு, இப்ப போத்தல் தேடுறீங்களா?” என்று ஏசிவிட்டு, குளத்துத் தண்ணீரை அள்ளி வாயில் விட்டேன்.

உடனே துப்பினேன். நேற்று என் வயலில் புல் சாக அடித்த களைக்கொல்லி எண்ணெயின் நாற்றம். அடித்த கையோடு மழை பெய்தது. வயல் வடிகிற வாய்க்கால் இந்தக் குளத்தில்தான் விழுகிறது.

“என்ன காக்கா?” என்று என்னை அண்ணனாக நினைக்கும் இளையவர்கள் கேட்டார்கள்.

“ஒண்டுமில்ல” என்றேன்.

எதிர்க்கரையில், நாங்கள் நட்ட பலகைக்குப் பக்கத்தில், பெண்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.