செங்கோடன் வீட்டுக் கூறு

கருப்பண்ணனும் அவர் மகன் அர்த்தனாரியும் சேர்ந்து செய்த கடைசி வேலை, மிளகு பறிக்க ஏணி கட்டியது. ஒற்றை மூங்கில் ஏணி. துளை போட்டுக் குறுக்கே கட்டை செருகி நாரால் இறுக்க வேண்டும், அவ்வளவுதான். அர்த்தனாரி சேலத்தில் ஒரு நெசவு மில்லில் பிட்டர். அடிக்கோலை எடுத்து, அடிக்கு ஒரு படி என்று கரியால் குறி வைத்துக்கொண்டே போனான். கருப்பண்ணன் பின்னாலேயே வந்து எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக அழித்தார்.

"ஏறப்போறது உன்ற கோலா, என்ற காலா?"

தன் முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே மூங்கிலை வைத்து அளந்து, அந்த அளவில் படி போடச் சொன்னார். அடியில் இருக்கிற நாலு படியை மட்டும் சாண் இடைவெளியில் நெருக்கிப் போடச் சொன்னார். எதற்கு என்று மகன் கேட்டான்.

"எந்த நொண்டி ஏற வர்றானோ, ஆரு கண்டா."

அப்பாவுக்கு முழங்கால் தளர்ந்துவிட்டது போலிருக்கிறது, வெட்கப்பட்டு மறைக்கிறார் என்று அர்த்தனாரி நினைத்துக்கொண்டான். பத்தொன்பது நாள் கழித்து அவர் காய்ச்சலில் இறந்தார். முழங்காலில் ஒரு குறையும் இருக்கவில்லை. அறுபத்திரண்டு வயதில், படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம்கூட, மிளகு மூட்டையோடு மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கி உப்பு மூட்டையோடு ஏறி வந்தவர். அது 1944, மாசி மாதம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கமான மனுசன் என்றார்கள். அதில் பாதிப் பேரை அவர் முகத்துக்கு நேராகவே மாட்டுக்கும் மண்ணுக்கும் ஒப்பிட்டிருக்கிறார். இகழ்ச்சி அவருக்கு மூச்சு விடுவது போல. கீழ்நாட்டான் நெல்லுச் சோறு தின்று கெட்டவன். கடைக்காரன் தராசைப் பார்த்துப் பார்த்தே கழுத்து கோணினவன். மலைமேல் அவர்களுடைய பெரக்கரை நாட்டில் அவர் வாயில் விழாத வீடு ஒன்றுதான் இருந்தது. அதில் ஆள் இல்லை. ஆள் இல்லாததற்காக அந்த வீட்டையும் திட்டித் தீர்த்தார்.

அது செங்கோடன் வீடு. செங்கோடனும் அவரும் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். இருபத்தைந்து வயதில் செங்கோடன் ஒரு கங்காணி பேச்சைக் கேட்டு மலை இறங்கி, பினாங்குக்குக் கப்பலேறி, அங்கிருந்து எப்படியோ ஜப்பானில் கோபே துறைமுகத்துக்குப் போய், ஒரு துணி வியாபாரியின் கிடங்கில் காவல்காரனாக உட்கார்ந்துவிட்டான். இருபத்தொன்பது வருடத்தில் மூன்று கடிதம். யாரையோ பிடித்து எழுதச் சொன்ன கடிதங்கள். அம்மா செத்ததற்கு வரவில்லை. கூரை சரிந்து, சுவர் கரைந்து, வாசல் பலாமரம் மட்டும் மிஞ்சியது.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சித்திரை மாதம் அம்மனுக்குக் கிடா வெட்டி, கறியை வீட்டுக்கு ஒரு கூறாகத் தேக்கிலையில் வைப்பார்கள். ஊர்க்கவுண்டர் வீட்டுக்காரன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். யாராவது ஒருவர் எழுந்து "இருக்கான்" என்று சொல்லி வாங்க வேண்டும். ஒரு வருடம் யாரும் சொல்லாவிட்டால் அந்த வீட்டின் பேர் விழுந்துவிடும். பேர் விழுந்தவனுக்கு ஊரில் அடுப்புப் போட இடமில்லை, சுடுகாட்டுப் பக்கம் அவன் வகையறாவுக்குள்ள புதைகுழி வரிசையிலும் இடமில்லை. செங்கோடன் பேரைக் கூப்பிட்ட ஒவ்வொரு வருடமும் கருப்பண்ணன்தான் எழுந்து "இருக்கான்" என்றார். வாங்கின கூறைப் பலாமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். நாய் எம்பி எம்பிப் பறித்துத் தின்னும். அவனுக்கு இந்த நாய் எவ்வளவோ தேவலை, கூப்பிட்டால் வருகிறது என்பார்.

1936 ஐப்பசியில் அவர் ஜப்பானுக்கே போனார். மில் முதலாளிக்கு இரைப்பு நோய். கருப்பண்ணன் காய்ச்சிக் கொடுக்கும் ஆடாதோடைக் கஷாயத்துக்கு மட்டும்தான் அது கட்டுப்படும். அந்தக் கஷாயத்துக்குக் கைமாறாகத்தான் முதலாளி அர்த்தனாரியைப் படிக்க வைத்து பிட்டராக்கினார். ஒசாகாவில் புதுத் தறி பார்க்கக் கிளம்பியபோது, தறியின் பூட்டு வேலையைக் கற்றுக்கொள்ள மகனையும், மூச்சு விடுவதற்கு அப்பனையும் கூட்டிப்போனார். இருபத்து மூன்று நாள் கடல். கருப்பண்ணன் மேல்தளத்தில் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை தண்ணீரில் ஒரு செடி முளைக்கத் துப்பில்லை என்று சொல்லிக் கீழே இறங்கினவர், கரை வரும்வரை மேலே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஒரு நாள் விடுப்புக் கொடுத்தார். அப்பனும் மகனும் ரயிலில் கோபே போனார்கள். கடைசிக் கடிதத்தில் கொடுத்திருந்த முகவரிக்கு அர்த்தனாரி முன்பே எழுதியிருந்தான். ஸ்டேஷன் வாசலில் கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு கறுத்த கிழவர் நின்றார்.

"தலையில என்றா அது, சட்டியா?" என்றார் கருப்பண்ணன். இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

செங்கோடன் சிரித்துக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். முன் தலை வழுக்கை. "இதுக்குத்தான் மச்சான்" என்றார்.

கருப்பண்ணன் தோளிலிருந்து ஒரு பையை இறக்கிக் கொடுத்தார். சாமை அரிசி, இரண்டு படி. அவ்வளவு தூரமும் அதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்து வந்தார். எலிக்குப் பயந்து அப்படிச் செய்ததாக மகனிடம் சொல்லியிருந்தார்.

கிடங்குக்குப் பின்னால் செங்கோடனுக்கு ஓர் அறை. மின்சார விளக்கு, பாய், காகிதம் ஒட்டிய கதவு. கருப்பண்ணன் கதவை விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

"ஆடு முட்டுனா என்ன பண்ணுவ?"

"இங்க ஆடு இல்ல மச்சான்."

"அதான் இந்த லட்சணம்."

செங்கோடன் சாமையைக் களைந்து உலை வைத்தார். தண்ணீர் அதிகமாகிக் குழைந்துவிட்டது. மூன்று பேரும் தின்றார்கள். செங்கோடன் சட்டியை விரலால் வழித்தார். கருப்பண்ணன் தின்று முடித்து, சாமை வேகவைக்கத் தெரியாதவனுக்கு ரெண்டு படி வீண் என்றார்.

பிறகு செங்கோடன் ஊர் காட்டக் கிளம்பினார். ஊருக்குப் பின்னாலேயே மலை. உச்சிக்குக் கம்பிக் கயிறு கட்டி இழுக்கிற ரயில் ஒன்று போனது. அதில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்பது செங்கோடனுக்குப் பெரிய ஆசை. கருப்பண்ணன் வண்டியைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

"மலைக்காரன் கூலி குடுத்து மலை ஏறுனான்னு தெரிஞ்சா, பேளுக்குறிச்சிச் சந்தையில கழுதைகூட என்னை மதிக்காது. நீங்க சாமான் மூட்டையாட்டம் போங்க. நான் நடந்து வாரேன்."

சொன்னபடி ஒற்றையடிப் பாதையில் போய்விட்டார். அர்த்தனாரி வண்டியில் ஏறினான். ஒரு வண்டி இறங்க ஒரு வண்டி ஏறுகிறது. இறங்குகிறதன் பாரமே ஏறுகிறதற்குப் பாதி வேலை செய்துவிடுகிறது. கயிற்றின் கனத்தையும் சரிவையும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், செங்கோடன் ஏறுவதைத் தற்செயலாகத்தான் பார்த்தான். ஒரே ஒரு படி. கைத்தடியை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வலது காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்து, பிறகு உடம்பை இழுத்துக்கொண்டார். பார்த்துவிட்டான் என்று தெரிந்ததும், "உங்கப்பன்கிட்ட சொல்லாத கண்ணு" என்றார்.

சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. ஒரு மணி நேரத்தில் கருப்பண்ணன் உச்சிக்கு வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கவில்லை. இதை நம்மூரில் மேடு என்போம் என்றார். வரவேற்பதற்காகச் செங்கோடன் பெஞ்சியிலிருந்து எழப் பார்த்து, முடியாமல் திரும்ப உட்கார்ந்தார். மறுபடியும் முயன்றார். மறுபடியும் உட்கார்ந்தார்.

கருப்பண்ணன் அவர் முன்னால் குத்த வைத்து, கால்சட்டையைச் சுருட்டி, பலாப்பழம் பழுத்ததா என்று பார்க்கிற மாதிரி இரண்டு முழங்காலையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கீழே துறைமுகத்தில் கப்பல்கள் தீப்பெட்டி தீப்பெட்டியாக நின்றன.

"மலைக்கு வந்தீன்னா நாலு மாசம். என்ற எண்ணெயே போதும்."

"மலைக்கு வாரதுக்கே முழங்கால் வேணுமே மச்சான்."

மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்திலிருந்து யாரானாலும் நடந்துதான் ஏற வேண்டும். கருப்பண்ணன் ஆள் வைத்துத் தூக்கிப் போகிறேன் என்றார். ஆள் கிடைக்காவிட்டால் மிளகு மூட்டை மாதிரி முதுகில் கட்டிக்கொண்டு தானே ஏறுவதாகச் சொன்னார். மலைக்குத் தூக்கிப் போவது பிணத்தைத்தான், உயிரோடு தூளியில் வந்து இறங்கி ஊர் சிரிக்க விட முடியாது என்றார் செங்கோடன். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். பட்டாணிப் பொட்டலம் அளவு. உள்ளே என்ன என்று கருப்பண்ணன் கேட்டார்.

"என்ற மசுரும் நகமும். என்ற உடம்புக்குப் பதிலா எங்கம்மா தலைமாட்டுல ஒரு மொழம் தோண்டி வெச்சுரு. கூறுல என்ற பேரைக் கூப்பிடறதையும் நிறுத்தச் சொல்லிரு. உனக்கும் வருசா வருசம் தொந்தரவு."

கருப்பண்ணன் முடிச்சைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஆட்டினார்.

"உன்ற மசுரைச் சுமக்கத்தான் இத்தனை உப்புத் தண்ணி தாண்டி வந்தனா?"

"செய்வியா மாட்டியா?"

"கூலி இல்லாத வேலையெல்லாம் என்ற தலையிலதான் விடியுது" என்று சொல்லி முடிச்சை மடியில் செருகிக்கொண்டார். செங்கோடன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அர்த்தனாரியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

இறங்கும்போது கருப்பண்ணன் நடக்கவில்லை. வண்டியில் ஏறி, செங்கோடன் ஏறுவதற்கு முழங்கையை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மலைக்காரன் கூலி கொடுத்து மலை இறங்கினான். இதை அவர் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக அவர் சொன்னது, சாமைக்குத் தண்ணீர் ஒன்றுக்கு இரண்டு, அதற்கு மேல் ஊற்றாதே என்பதுதான்.

ஊர் திரும்பி ஏழு வருடம் அந்த ஒரு நாளை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டித் தொப்பி, காகிதக் கதவு, மனுசனை மூட்டையாக இழுக்கிற கயிறு, குழைந்த சாமை. சிரிக்காதவர் இல்லை. முடிச்சு மட்டும் கதையில் வராது. சித்திரையில் செங்கோடன் பேரைக் கூப்பிட்டதும், எப்போதும் போல எழுந்து "இருக்கான்" என்பார். ஜப்பானோடு யுத்தம் வந்த பிறகு, எதிரி நாட்டுக்குக் கறி அனுப்புகிறாயா என்று ஒருவன் கேலி பேசினான். செங்கோடன் சண்டைக்குப் போனால் ஜப்பான்காரன் தோற்றுப்போவான், நீ நிம்மதியாகத் தூங்கு என்றார்.

கருமாதி முடிந்த மறுநாள் மிளகுப் பானைக்குள் அர்த்தனாரி அந்த முடிச்சைக் கண்டான். ஏழு வருடமாகிவிட்டது, பூச்சி அரித்திருக்கும் என்று அவிழ்த்தான். நரைத்த மயிரும் நகமும் அப்படியே இருந்தன. பூச்சி வராமலிருக்க நடுவில் மிளகு போட்டிருந்தது. ஒன்றை எடுத்து நசுக்கினான். காரம் கண்ணுக்கு ஏறியது. இந்த வருடத்துப் புது மிளகு.

முதலில் அவனுக்கு வந்தது கோபம்தான். அப்பா மேல் பாதி, முழங்காலைச் சாக்கு வைத்து வராமலிருந்து அப்பாவை ஏழு வருடம் காக்கவைத்த அந்தத் தொப்பிக்காரர் மேல் பாதி. ஒரு முழக் குழி. செம்மண். அரைமணி வேலைகூட இல்லை. செய்கிறேன் என்று வாங்கினதைச் செய்து தொலைத்திருக்கலாம். கேட்டவர் கேட்டது கிடைத்திருக்கும். இப்போது உயிரோடிருக்கிறாரோ என்னவோ. கடிதம் நின்று மூன்று வருடம் ஆகிறது. சித்திரைக்கு லீவில் வரும்போது தானே முடித்துவிடுவது என்று தீர்மானித்தான்.

வந்தான். காலையிலேயே கடப்பாரையை எடுத்துப் போய், செங்கோடன் அம்மாவின் தலைமாட்டுக் கல்லருகே சாத்தினான். தோண்டுவதற்குள் கோவிலில் கொம்பு ஊதினார்கள். கூறு வாங்கிவிட்டு வந்து தோண்டலாம் என்று சட்டைப் பையில் முடிச்சோடு போனான்.

ஊர்க்கவுண்டர் குப்புசாமி வரிசையாகக் கூப்பிட்டார். கருப்பண்ணன் வீடு என்றார். அர்த்தனாரி எழுந்து வாங்கினான். அடுத்தது செங்கோடன் வீடு. யாரும் எழவில்லை. வழக்கமாக எழுகிறவர் உட்காரும் இடத்தில் வெயில் கிடந்தது. குப்புசாமி இரண்டாம் முறையும் கூப்பிட்டார். முப்பத்தேழு வருடமாக இதே சள்ளை என்று யாரோ முணுமுணுத்தார்கள். மூன்றாவது முறையும் யாரும் எழாவிட்டால் பேர் விழுந்துவிடும். குழி வெட்டுவதும் இதுவும் ஒன்றுதான். குழியாவது அரைமணி பிடிக்கும்.

"இருக்கார்ங்க" என்றான் அர்த்தனாரி.

குப்புசாமி இலையைக் கையில் வைத்துக்கொண்டே அவனைப் பார்த்தார். "இன்னைக்குச் சொல்லிப்போட்டுச் சேலத்துக்குப் போயிருவ. வருசா வருசம் ஆரு சாமி வந்து சொல்றது?"

"லீவு போட்டு வாரனுங்க."

"உங்கப்பனாட்டமே கிறுக்கு" என்று சொல்லிக் கொடுத்தார்.

பலாமரத்தில் கட்டினான். கட்டி முடிப்பதற்குள் நாய் வந்து நின்றது. வீட்டுக்கு வந்து, பானையிலிருந்து புது மிளகு நாலு எடுத்து முடிச்சில் போட்டு, இறுக்கிக் கட்டி, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். கடப்பாரை ஞாபகம் வந்து சுடுகாட்டுப் பக்கம் போய் எடுத்து வந்தான். கல்லின் தலைமாட்டில் அதன் முனை அழுந்தியிருந்த இடம் ஒரு விரல் ஆழம் இருந்தது. மீதி முழம் தோண்டவில்லை.