பாதி லோடில் குன்னூர் வரை

காலை ஐந்தே முக்காலுக்குச் சேரம்பாடியில் கூடலூர் பஸ் ஏறினோம், நானும் என் மகள் கவிப்பிரியாவும். போகிற இடம் குன்னூர். சுற்றிப்பார்க்க அல்ல. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ஒரு கிளினிக்குக்குக் கோவையிலிருந்து குழந்தைகளின் இதய டாக்டர் வருகிறார். வருடம் ஒரு முறை கவியின் நெஞ்சை எக்கோ ஸ்கேனில் பார்க்க வேண்டும்.

கொரோனா காலத்தில் அவளுக்கு ஆறு வயது. வீட்டில் எல்லோருக்கும் லேசாகக் காய்ச்சல் வந்து போயிற்று. ஒரு மாதம் கழித்து அவளுக்கு மட்டும் மறுபடி காய்ச்சல் அடித்தது. கண் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, உதடு வெடித்துவிட்டது. கிருமி போன பிறகு உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்கிறது என்று கோவையில் சொன்னார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அகன்றிருந்தது. பதினோரு நாள் ஐ.சி.யு.வில் கிடந்து வீடு வந்தாள். இப்போது பத்து வயது. எனக்குத்தான் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை.

கூடலூர் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே இறங்கி ஊட்டி பஸ் பிடித்தோம். நீங்கள் இந்தச் சாலையில் வந்தால் ஊசிமலையைப் பார்க்க ஜன்னலோரம் உட்காருவீர்கள். நான் மகளின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி வந்தேன். இருபது வருடமாகத் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. ரோலர் மெஷினில் பேரிங் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம். அவசரத்துக்குக் கையை வைத்தாலே சூடும் அதிர்வும் தெரியும். அந்தக் கையைத்தான் நான்கு வருடமாகப் பிள்ளையின் முதுகில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரிப்பேர் பார்த்த மெஷினை எடுத்தவுடன் முழு லோடில் ஓட்டமாட்டோம், கொஞ்ச நாள் பாதி லோடில்தான் விடுவோம். கவியையும் அப்படித்தான் வைத்திருந்தேன். நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துப் படியில் கூட நின்று நின்றுதான் ஏற வேண்டும். போட்டி மட்டும் இப்போதைக்கு வேண்டாம், மற்றபடி விளையாடட்டும் என்று போன வருடம் டாக்டர் சொன்னார். ‘வேண்டாம்’ என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற என் கைக்கு அடியில் அவள் இதயம் தாறுமாறாக அடித்தது. முகம் வெளுத்திருந்தது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று எனக்கு வியர்த்துவிட்டது.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, பாப்பாவுக்கு வாந்தி வருதுங்களா? எலுமிச்சம்பழம் தரட்டுங்களா?”

“ஹார்ட்டுல பிரச்சினைங்க,” என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கவிக்கு அது பிடிக்கவில்லை.

நடுவட்டத்தில் டீக்காக பஸ் நின்றது. பஸ்ஸைச் சுற்றி மஞ்சு இறங்கி வெள்ளையாக மூடியிருந்தது. கடையில் டீ பதினைந்து ரூபாய். அவளுக்குப் பால் வாங்கினேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்.

“அப்பா, ஸ்கேன்ல பாத்தா ஓடுனது தெரிஞ்சிருமா?”

“யாரு ஓடுனது?”

“நாந்தான். ஸ்கூல்ல ரிலே பிராக்டீஸ். மூணாவது ஆள் நான். சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு சொல்லல.”

கன்னத்தில் அறைய வேண்டும்போலவும், தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. “எத்தன நாளா?” என்று கேட்டேன். பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து என்றாள். அப்படியானால் படியில் நான் நிறுத்தி நிறுத்தி ஏற்றிய பிள்ளை, அதே நாளில் மைதானத்தில் பறந்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தக் குழாய் அவளுக்குள் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்போடு பைக்காரா, தலைகுந்தா எல்லாம் கடந்தேன். எதையும் பார்த்த ஞாபகமில்லை. ஊட்டியில் பஸ் மாறி, கேத்தி, அருவங்காடு வழியாகக் குன்னூர் சேரும்போது மணி பதினொன்று.

எக்கோ அறை இருட்டாக இருந்தது. டாக்டர் அம்மா கவியின் நெஞ்சில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். திரையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு பட்டனை அழுத்தினார், அவள் இதயத்தின் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உரசல் இல்லை. ஆனால் இது நான் படித்த மெஷின் இல்லையே.

“குழாய் இப்ப அவ வளர்த்திக்குத் தகுந்த அளவுலதான் இருக்குதுங்க,” என்றார் டாக்டர்.

கவி படுத்தபடியே நடுவட்டத்தில் சொன்னதை அவரிடமும் சொன்னாள். நெஞ்சு வலித்ததா, மயக்கம் வந்ததா என்று அவர் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

“சொல்லாம ஓடுனது தப்பு கண்ணு,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “இவளை நம்ம முன்னாடியே ஓட விட்டுப் பாத்துரலாங்க.”

பக்கத்து அறையில் ட்ரெட்மில் இருந்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டி அவளை நிற்க வைத்தார்கள். முதலில் நடை, பிறகு வேகம், பிறகு பலகை மேடாகிக்கொண்டே போயிற்று. ஃபேக்டரியில் ரிப்பேர் முடிந்தால் கடைசியில் முழு லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் மெஷினைக் கைமாற்ற மாட்டோம். எந்த மெஷினுக்கும் தவறாமல் செய்ததை இவளுக்குச் செய்ய எனக்குத் துணிவு வந்ததில்லை. இப்போது அவள் ஜடை இரண்டும் துள்ள ஓடினாள். ‘நிறுத்துங்க’ என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓடி முடித்ததும் டாக்டர் காகிதத்தை நிதானமாகப் பார்த்தார். “ஓடட்டுங்க. போட்டிக்கும் அனுப்புங்க. ஆனா வருஷா வருஷம் கூட்டிட்டு வரணும், பெருசானாலும் பார்த்துக்கிட்டே இருக்கணும். வலியோ மயக்கமோ வந்தா அன்னைக்கே வரணும்.”

எஸ்டேட்டில் கொழுந்து சீசன் என்பதால் என் மனைவி செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. போன் செய்து, “என்னாங்க சொன்னாங்க?” என்றாள். “ஓடினா,” என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பெருசானாலும் என்றாரே டாக்டர், அதையே மென்றுகொண்டு ஊட்டிக்குத் திரும்பினேன்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் டூரிஸ்ட் கூட்டம். எங்கள் ஊரில் காலி பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். இங்கே சீட் வேண்டுமென்றால் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட வேண்டும். கூடலூர் பஸ் உள்ளே திரும்பியது. கவி என் தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டு ஓடினாள். கூட்டத்துக்குள் அவளுடைய ரிப்பன் மட்டும் தெரிந்தது. கூப்பிட வாய் திறந்து, மூடிக்கொண்டு, பின்னால் ஓடினேன்.

நான் மூச்சிரைக்க ஏறியபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் துண்டு. உட்கார்ந்ததும் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, நான் செய்வதைப் போலவே கண்ணை மூடிக் கேட்டாள்.

“ரொம்ப சூடா இருக்குங்கப்பா,” என்றாள். “கொஞ்ச நாளைக்கு லோடக் குறைங்க.”

பஸ் கிளம்பியது. தலைகுந்தா தாண்டும்வரை அவள் கையை எடுக்கவில்லை.