ஆறாத துயரில் மனைவி

லூபனோடு ஸ்லாவ்கா குடும்பம் நடத்தியது ஒன்பது வருடம். அவனுடைய விதவையாக இருப்பது பதினோரு வருடம். மனைவியாக இருந்ததைவிட விதவையாக இருந்துதான் அவளுக்கு அனுபவம் அதிகம். நாற்பத்தொன்பது வயது, பிரின் மலையடிவாரத்து அஞ்சலகத்தில் தபால்களுக்கு முத்திரை குத்தும் வேலை, இரண்டு முட்டியிலும் வலி. இதில் எதையும் ஊர் பார்ப்பதில்லை. ஊருக்கு அவள் லூபனின் விதவை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் வீட்டில் செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலித் தாள் ஒட்டுவார்கள். மூன்று வருடம், மிஞ்சிப்போனால் ஐந்து வருடம். பிறகு மழையில் கரைந்து போகும், யாரும் கேட்க மாட்டார்கள். லூபன் அப்படி விடக்கூடிய ஆளா? மலைமீட்புப் படையில் இருந்தவன், பனிச்சரிவில் சிக்கிய இரண்டு பேரைத் தேடிப்போய் உயிரை விட்டவன். ஒவ்வொரு பிப்ரவரியும் அவன் கூட்டாளிகள் புதிதாக அச்சடித்து அவள் வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். மேலே அவன் சிரித்த முகம். கீழே ‘ஆறாத துயரில் மனைவி ஸ்லாவ்கா’. ஆறிவிட்டதா இல்லையா என்று அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதினோரு வருடமாக அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க முடியவில்லை.

ஆறுவதற்கு முதலில் துயரம் இருந்திருக்க வேண்டுமே. அந்தக் காலையில் அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். “நான் போறேன் லூபன், இனிமே முடியாது” என்று சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. அவன் நாயை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனான். சாயங்காலம் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் வாசலில் இருந்த பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

இந்த முறை சொல்லியே தீருவது என்று இருந்தாள். வார்னாவில் தங்கை யானிட்சா கடற்கரைப் பக்கம் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. வேலையை விடும் கடிதம் கொடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமைக்குப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. சொல்லாமல் போனால் ஓடிப்போனவள் ஆகிவிடுவாள். வருடாவருடம் லூபனின் நினைவுநாளில் அவளோடு மலையேறும் எட்டுப் பேர் முகத்தையும் பார்த்து, இனி நான் வரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு இந்த ஞாயிறுதான் நாள்.

ஒன்பது பேர், ஐந்து நாய்கள். காலில் அகலமான பனிமிதியடிகளைக் கட்டிக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். முன்னால் மீட்புப் படைத்தலைவன் போகொமில் பனியை மிதித்துத் தடம் போட்டுக்கொண்டு போனான். அவனுக்கு அடுத்த இடம் எப்போதும் ஸ்லாவ்காவுக்குத்தான். மரியாதையாம்! முன்னால் அவன் முதுகு, பின்னால் ஏழு பேரின் மூச்சு, இரு பக்கமும் இடுப்பளவுப் பனி. தடத்தைவிட்டு ஒரு காலை வெளியே வைத்தால் ஆள் உள்ளே போய்விடுவாள். போதாததற்கு இடுப்புப் பட்டையில் கயிறு போட்டு போரா என்ற பெட்டை நாயைக் கட்டியிருந்தார்கள். லூபனுடைய நாயின் பேத்தி அது. குட்டியாக இருந்தபோதே கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டார்கள், வேண்டுமா என்று கேட்காமலே. இப்போது அது நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளை மேலே மேலே இழுத்தது.

பைன் மரக்காடு முடியும் இடத்தில் முதல் தடவை வாயைத் திறந்தாள்.

“போகொமில், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“மேல போய்ப் பேசலாம் அண்ணி. மூச்சை வீணாக்காதீங்க. செங்குத்து இனிமேதான் இருக்கு.”

தொடர்ந்து ஏறினாள். முட்டி இரண்டும் கெஞ்சின. முதுகுப் பையில் செத்தவர் நினைவாகப் பங்கிட்டுச் சாப்பிடும் வேகவைத்த கோதுமை, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து மூன்று கிலோ. அதையும் அவள்தான் சுமக்க வேண்டும், அதுதான் முறையாம்.

பாறைச் சரிவுக்குக் கீழே நின்று தேநீர் குடித்தார்கள். போகொமிலின் மனைவி டோன்கா குடுவை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். இவளிடமாவது சொல்லலாம் என்று ஸ்லாவ்கா நினைத்தாள்.

“டோன்கா, அடுத்த வருஷம் நான்...”

“தெரியுதுக்கா, முட்டிதானே? நொண்டி நொண்டி வர்றதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். அடுத்த வருஷத்துக்குள்ள ஊசி போட்டுக்கலாம். எங்க அம்மா போட்டுக்கிட்டு இப்போ ஆடே மேய்க்கிறாங்க.”

“அது இல்ல...”

“அண்ணி வரலைன்னா கோதுமையை யாரு வேகவைக்கிறது?” என்றான் வரிசையில் கடைசியாக வந்த கிரில். “போகொமில் பொண்டாட்டி வேகவச்சா லூபன் அண்ணன் எழுந்து ஓடிப்போயிடுவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். டோன்கா ஒரு பனி உருண்டையை அவன்மேல் எறிந்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஸ்லாவ்காவின் வார்த்தை காணாமல் போயிற்று. பாவிகள், கெட்டவர்களாக இருந்தாலாவது முகத்துக்கு நேரே கத்தலாம். ஒவ்வொரு பனிக்காலமும் அவளுக்கு விறகு பிளந்து அடுக்குகிறவர்கள், கூரை ஒழுகினால் ஓடிவருகிறவர்கள். பட்டை மறுபடி இறுகியது. போரா இழுத்தது.

முகட்டில் காற்று கன்னத்தை அறுத்தது. லூபன் கிடந்த இடத்தில் வழக்கமாக ஒரு தகரப் பலகைதான் இருக்கும். இன்று அங்கே போர்வை சுற்றிப் பெரிதாக ஒன்று நின்றது. போகொமில் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

“உங்களுக்குத்தான் அண்ணி. பனி விழறதுக்கு முன்னாடி நாங்க ஏழு பேரு மாத்தி மாத்தி முதுகுல சுமந்துட்டு வந்தோம். உங்ககிட்ட யாரும் உளறிடக்கூடாதுன்னு சத்தியமே வாங்கினேன்.”

போர்வையை உருவினான். கறுப்புச் சலவைக்கல். இடது பக்கம் லூபனின் பெயர், பிறந்த வருடம், இறந்த நாள். வலது பக்கம் ஸ்லாவ்காவின் பெயர். பிறந்த வருடம், ஒரு கோடு, அதற்கப்புறம் வெறும் கல். அந்த ஊர்க் கல்லறைகளில் உயிரோடு இருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ இப்படி இடம் போட்டு வைப்பது வழக்கம்தான். டோன்காவின் பெயர்கூட மாமனார் கல்லுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் டோன்காவைக் கேட்டுத்தான் போட்டார்கள்.

எல்லோரும் அவள் அழுவதற்காகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“அன்னைக்குக் காலையில நான் பெட்டியைக் கட்டிட்டேன்” என்றாள் ஸ்லாவ்கா. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “அவனை விட்டுட்டுப் போறேன்னு சொன்னேன். எனக்கு ஆறாத துயரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கேக்குதா உங்களுக்கு?”

ஒருவரும் திகைக்கவில்லை. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது. கிரில் பனியைப் பார்த்தான்.

“தெரியும் அண்ணி” என்றான் போகொமில் மெதுவாக. “வழியெல்லாம் அண்ணன் அதைத்தான் சொல்லிட்டு வந்தாரு. கீழே இறங்கினதும் வந்து எனக்காகப் பேசுங்கடா, அவளைப் போக விடாதீங்கடான்னு. அதுக்கப்புறம்தான் சரிவு வந்துச்சு.”

“அதனால?”

“அதனால விடலை.”

பதினோரு வருடம்! விறகும் நாய்க்குட்டியும் வாசல் தாளும் வரிசையில் இரண்டாவது இடமும். அவள் தன் ரகசியத்தை நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்க, இவர்கள் ஏழெட்டுப் பேரும் அதைத் தெரிந்துகொண்டே சுற்றிலும் வேலி கட்டியிருக்கிறார்கள். அன்பாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

பட்டையின் கொக்கியைக் கழற்றி நாயின் கயிற்றை அவன் கையில் திணித்தாள்.

“அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னைக்குத் தேதியைப் போடு.”

“அண்ணி!”

“போடுடா. லூபனோட பொண்டாட்டி இன்னைக்குச் செத்துப்போனா. கோதுமை இருக்கு, அவளுக்கும் சேத்து சாப்பிடுங்க. செவ்வாய்க்கிழமை நான் வார்னாவுக்குப் போறேன்.”

“என்னால எப்படி அண்ணி முடியும்?” அவன் கண்ணில் நீர் வழிந்தது. “உசுரோட இருக்கிறவங்களுக்கு...”

“உசுரோட இருக்கிறவ பேரை வெட்ட முடிஞ்சுதே, தேதிக்கு மட்டும் என்ன கை நடுக்கம்?”

அவன் அசையவில்லை. அவள் அவன் தோளிலிருந்த பனிக்கோடரியை உருவிக்கொண்டு கல்லின் முன்னால் மண்டியிட்டாள். முட்டி கத்தியது; கத்தட்டும் என்று விட்டாள். கூர்முனையால் கீறினாள். சலவைக்கல் லேசில் இடம் கொடுக்கவில்லை. கோடு கோணலாகப் போயிற்று. முதலில் தேதி, பதினொன்று; பிறகு மாதம். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் உதவவும் இல்லை. நாய்கள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து முனகின. வருடத்தின் இரண்டாவது எண்ணைக் கீறி முடித்தபோது விரல் மரத்து, கோடரி கைநழுவிப் பனியில் விழுந்தது.

டோன்கா புருஷனைத் தாண்டி வந்தாள். தன் கையுறைகளைக் கழற்றி ஸ்லாவ்காவின் கைகளில் மாட்டிவிட்டாள். பிறகு கோடரியை எடுத்துத் துடைத்து, மீதி இரண்டு எண்களையும் தானே கீற ஆரம்பித்தாள்.