ஆறு தாண்டி விட்ட பூனை

பூனை குறுக்கே போனால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மனிதர்கள் குறுக்கே போனால் பூனைக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரியும். சாக்கில் போட்டுக் கட்டி ரயிலேற்றிவிடுவார்கள். என் பூனைக்கு அதுதான் நடந்தது.

மகாராஜாவின் காலம். மைசூரில் மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் ஒரு வடாரத்தில் நாங்கள் குடியிருந்தோம். ஒரே வாசற்கதவுக்குள் எதிரும் புதிருமாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் பொது முற்றம், பின்னால் ஒரு கிணறு. இதைத்தான் அங்கே வடாரம் என்பார்கள். அண்ணன் ரயில்வேயில் கார்டு. நான் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். எனக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை.

வந்த மறுநாள் காலையில், ஆண்கள் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, அண்ணி என் கையில் அரிவாள்மணையையும் ஒரு கூடை வெண்டைக்காயையும் கொடுத்தாள். "இந்த வேளையில நீ உள்ள உக்காந்து காய் நறுக்கும்மா" என்றாள். குரலில் கடுமை இல்லை. முற்றத்துக்கு வராதே என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான். விதவையின் முகத்தில் விழித்துவிட்டுக் கிளம்பினால் போன காரியம் உருப்படாது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள், கச்சேரிக்கு, அதாவது சர்க்கார் ஆபீஸுக்குப் போகிறவர்கள், எல்லோரும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்வரை நான் சமையலறையில் காய் நறுக்கினேன். காய் இல்லாத நாட்களில் அரிசியில் கல் பொறுக்கினேன். இன்றும் வெண்டைக்காயைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பூனை வந்தது ஒரு மழை நாளில். பருப்பு வாங்க மண்டிப் பக்கம் போனபோது, ஒரு தானியக் கிடங்கின் சுவரோரம் சாக்குமூட்டை ஒன்று தானாக நெளிந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து பூனை கத்தியது. சுற்றி நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் கட்டை அவிழ்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். வேண்டாத பூனையை யாரும் அடித்துக் கொல்ல மாட்டார்கள். கொன்றால் தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் பாவம் தீராதாம். ஆகவே சாக்கில் கட்டி அடுத்த தெருவில் போட்டுவிடுவார்கள். அடுத்த தெருக்காரன் தன் பூனையை நம் தெருவில் போடுவான். அவிழ்த்துவிடுகிறவன் வீட்டுக்கு அந்தப் பூனையின் தரித்திரம் வந்து சேரும் என்று ஒரு பேச்சு வேறு.

எனக்கு இனிமேல் என்ன வந்து சேர வேண்டியிருக்கிறது? அவிழ்த்தேன்.

சாம்பல் நிறம், கழுத்துக்குக் கீழே வெள்ளை, ஒரு காது கிழிந்திருந்தது. வெளியே வந்ததும் ஓடிவிடும் என்று நினைத்தேன். அது என் காலடியில் உட்கார்ந்து, நனைந்த உடம்பை நக்கித் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஊர் கூடி நின்று பார்ப்பதைப் பற்றி அதற்குக் கொஞ்சமும் கவலை இல்லை. அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போயிற்று. முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பருப்பை மறந்துவிட்டேன்.

பெயரெல்லாம் வைக்கவில்லை. 'பூசு' என்றால் வரும், இஷ்டம் இருந்தால். நான் காய் நறுக்கும்போது அரிவாள்மணைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். மத்தியானத்தில் நான் தலை சாய்த்தால் என் மணிக்கட்டின் மேல் தாடையை வைத்துத் தூங்கும். வளையல் கழற்றிய பிறகு அந்தக் கையை யாரும் தொட்டதில்லை. வெறுங்கை வெறுங்கை என்று நானே அதைப் புடவைக்குள் மறைத்து வைத்திருந்தேன். பூனைக்கு அந்தக் கைதான் வசதியாக இருந்தது. எனக்கு அதன் மேல் உயிர். இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. மனிதர்கள் மேல் உயிராக இருந்து பார்த்தாகிவிட்டது.

ஆனால் பூனையை யார் காய் நறுக்க உட்கார வைக்க முடியும்? காலை வெயில் முதலில் விழும் இடம் வடாரத்து வாசல். பூனை அங்கேதான் போய் உட்கார்ந்துகொள்ளும். யாராவது கிளம்பி வரும் நேரத்தில் எழுந்து, சோம்பல் முறித்து, நிதானமாகக் குறுக்கே நடந்து எதிர்ப் பக்கம் போகும்.

எதிர்வீட்டில் கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். பூனை குறுக்கே வந்தால் அவர் வீட்டுக்குத் திரும்புவார், செருப்பைக் கழற்றுவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், பாயில் உட்கார்ந்து எழுந்து மறுபடி கிளம்புவார். அதற்குள் பூனை மறு பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும். அவர் மறுபடியும் செருப்பைக் கழற்றுவார். நான் சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே நறுக்குவேன். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஜன்னலில் நின்றுதான்.

ஒருநாள் அவர் இப்படித் தண்ணீர் குடித்துக் குடித்தே கச்சேரிக்குப் பிந்திப் போய், மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். சாயங்காலம் முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அண்ணனிடம் பேசினார்.

"கார்டு சாமி, உங்க வீட்ல ஒண்ணு இருக்கிறதையே நாங்க பொறுத்துக்கிட்டோம். இப்ப ரெண்டாச்சு. இது சரியில்லை."

ஒன்று என்றது என்னை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பதில் சொல்லுவார் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் கிணற்றடியில் துணி துவைத்துவிட்டு வந்தபோது பூனையைக் காணோம். மாவு சலித்துக்கொண்டிருந்த அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்க அண்ணன்தான் எடுத்துட்டுப் போனாரு." டியூட்டி முடிந்து அண்ணன் வந்தார். கையெல்லாம் கீறல்.

"பூனை எங்கேண்ணா?"

"ஸ்ரீரங்கப்பட்டணத்துல விட்டுட்டேன்மா. அடுத்த தெருவுல விட்டா திரும்பி வந்துரும். ஆறு தாண்டி விட்டாச்சு, இனி வராது. கடைசியில என் பிரேக் வேன் பெட்டியில அது போட்ட சத்தம் தாங்கல. பாலம் தாண்டினதும் முதல் ஸ்டேஷன்லயே சாக்கை அவுத்துட்டேன்."

ஆறு தாண்டி விட்ட பூனைக்கு வழி தெரியாது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. எனக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. தினமும் இரண்டு பாலத்தையும் தாண்டிப் போகிற அண்ணன், பூனையின் கத்தல் தாங்காமல், ஒரு பாலத்தோடு ஆறு முடிந்துவிட்டதாக எண்ணிவிட்டார்.

"அண்ணா, நீங்க ஆத்தைத் தாண்டல. நடுவுல விட்டிருக்கீங்க."

"என்னம்மா சொல்றே?"

"அது தீவு. சுத்தியும் தண்ணி. பூனை தண்ணியில இறங்காது. அங்கேதான் இருக்கும். நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"நீயா? தனியாவா? பூனையைத் தேடியா? ஊர் என்ன சொல்லும்?"

ஊர் என்ன சொல்லும் என்று அவர் கேட்டதால் ஊரையே துணைக்கு அழைத்தேன். அடுத்து வந்தது அமாவாசை. என்னைப் போன்றவள் எங்கேயாவது போக வேண்டும் என்று கேட்டு யாரும் மறுக்க முடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது காவிரிப் படித்துறை. "அமாவாசைக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துல முழுகிட்டு வரேன்" என்று முற்றத்தில் நின்று, குமாஸ்தா வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன். குமாஸ்தாவின் மனைவி, "போய்ட்டு வாங்கம்மா, புண்ணியம்" என்றாள். அண்ணன் என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புண்ணியத்துக்குப் போகிறவளை எப்படித் தடுப்பார்?

நான் முழுகவில்லை. தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளித்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனைச் சுற்றித் தேடினேன். இடிந்த கோட்டைச் சுவரோரம், புளியமரத்தடிகளில், கோயில் வீதியில், 'பூசு, பூசு' என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். வெள்ளைப் புடவை கட்டிய சின்னப் பெண் தனியாகப் பூனையைக் கூப்பிட்டுக்கொண்டு போனால் ஜனங்கள் விலகி வழிவிடுகிறார்கள். அது ஒரு சௌகரியம். பல பூனைகள் வந்தன. என்னுடையது வரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாய் கடித்திருக்குமோ, தண்ணீரில் விழுந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே படித்துறைக்கு இறங்கினேன்.

அங்கே ஒரு குடும்பம் பிண்டம் வைத்துவிட்டுக் காக்கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. காக்கைகள் மரத்தில் இருந்தன, இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. இலைக்கு முன்னால் என் பூனை உட்கார்ந்து, எள்ளை ஒதுக்கிவிட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.

புரோகிதர் தடியை ஓங்கிக்கொண்டு வந்தார். "யாரதம்மா ஈ பெக்கு?" என்று, யாருடைய பூனை இது எனக் கன்னடத்தில் கத்தினார்.

"நந்து" என்றேன். என்னுடையது.

என்னை மேலும் கீழும் பார்த்தார். பூனையும் விதவையும் சேர்ந்து ஒரு சிராத்தத்தைக் கெடுப்பதை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். "செத்தவருக்குப் போகவேண்டிய சோறு" என்றார். எனக்கு வாய் அடங்கவில்லை. என் புருஷனுக்கு இதே போன்ற ஒரு படித்துறையில் பிண்டம் வைத்தபோது காக்கை நெடுநேரம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் வரவில்லை என்று மாமியார் எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்றைக்குச் சொல்லாததை இந்த மனிதரிடம் சொன்னேன். "பசிச்சது சாப்பிட்டுச்சு சாமி. இதுல யார் மேலயும் குத்தம் இல்ல. வேற பிண்டம் பிடிச்சு வையுங்க, காக்கா வரும்."

பூனையைத் தூக்கினேன். எடை குறைந்திருந்தது. முதலில் நகத்தால் என் தோளைப் பிடித்துக்கொண்டது, பிறகு மூக்கை என் கழுத்தில் வைத்துக் குர்குரென்று இரையத் தொடங்கியது. அந்தப் படித்துறையிலேயே நின்று அழுதேன். வேறு இலை போட்டார்கள், காக்கைகள் இறங்கின.

மைசூருக்குத் திரும்பும் வண்டிக்கு அண்ணன்தான் கார்டு. கையில் கொடியோடு பிளாட்பாரத்தில் நின்றிருந்தவர் என் தோளில் பூனையைப் பார்த்துவிட்டார். பெண்கள் பெட்டிக்குப் போக நான் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி புறப்படுகிற நேரம். சுற்றிப் போயிருக்கலாம். நேரே அவர் முன்னால் குறுக்கே நடந்தேன், பூனையோடு, மெதுவாக. திரும்பிப் போய்த் தண்ணீர் குடித்து உட்கார்ந்து எழ ரயில் இடம் கொடுக்காது. அவர் பச்சைக் கொடியை ஆட்டினார்.

அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றபோது ஜன்னலுக்கு வந்தார்.

"எங்கே கிடைச்சுது?"

"யாருடைய பிண்டத்தையோ தின்னுட்டு இருந்துது."

முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தபடியே பிரேக் வேனுக்கு ஓடினார். வண்டி ஒழுங்காக மைசூர் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் அண்ணி வெண்டைக்காய்க் கூடையை எடுத்து வந்தாள். "வெயில்ல உக்காந்து நறுக்குறேன் அண்ணி" என்று வாங்கிக்கொண்டு வடாரத்து வாசலுக்குப் போனேன். மடியில் பூனை. இன்றைக்கு உள்ளே போனால் பூனை மறுபடியும் சாக்குக்குள் போகும், நானும் ஆயுசுக்கும் சமையலறைக்குள் போவேன் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

குமாஸ்தா வந்தார், பார்த்தார், திரும்பினார். செருப்புக் கழற்றும் சத்தம், செம்புச் சத்தம். மறுபடி வந்தார். நாங்கள் இருவரும் அப்படியே இருந்தோம். "கார்டு சாமி!" என்று கூப்பிட்டார். மற்ற வீடுகளிலும் கதவைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள்.

அண்ணன் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வெளியே வந்தார். முற்றம் முழுவதும் அவரைப் பார்த்தது. என்னை உள்ளே போகச் சொல்லப்போகிறார் என்று நான் வெண்டைக்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் குமாஸ்தாவைத் தாண்டி வந்து என் எதிரில் நின்று, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"போய்ட்டு வரேம்மா" என்றார்.

நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் தினமும் டியூட்டிக்குப் போகிறார். அண்ணியிடம் சொல்லிக்கொள்வார், சாமி படத்திடம் சொல்லிக்கொள்வார். என்னிடம் சொன்னதில்லை. தாலி இல்லாதவளிடம் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.

"போய்ட்டு வாங்கண்ணா" என்றேன், வடாரத்தின் கடைசி வீட்டுக்கும் கேட்கும்படி.